மாடலிங் பயிற்சி மையம், மூன்று மாத வகுப்பு: ஒரு அம்மாவின் அனுபவம்

என் மகளுக்கு 19 வயது. சென்னையில் ஒரு மாடலிங் பயிற்சி மையத்தில் மூன்று மாத வகுப்பில் சேர்த்திருந்தோம். மையத்தின் பெயரைப் போடவில்லை. பிள்ளையைச் சேர்க்க நினைக்கிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நடை, நிற்கிற விதம் எல்லாம் அருமையாகச் சொல்லித் தந்தார்கள். கூனிக்கொண்டே நடந்தவள் நிமிர்ந்துவிட்டாள், கேமரா கூச்சமும் போய்விட்டது. போட்டோக்கள் கொடுத்த காசுக்குத் தரம்தான்.

சனிக்கிழமைதான் பிரச்சினை. அன்றைக்கு எடை பார்த்து, டேப் வைத்து அளவெடுத்து, எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிப்பார்கள். நான் 22 வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள். டேப்புக்குள் விரல் விட்டுத்தான் நாங்கள் அளவெடுப்போம், போடுகிறவள் மூச்சு விட வேண்டுமே. அங்கே சதையில் பதிகிற அளவுக்கு இழுத்துப் பிடித்து, "இடுப்பு 24 வரணும்" என்றார்கள். சேரும்போது அவள் 172 செ.மீ. உயரம், 55 கிலோ. 48க்கு இறங்கச் சொன்னார்கள். டயட் சார்ட் எழுதித் தந்தது டாக்டர் இல்லை, நடை சொல்லித் தருகிற அதே மாஸ்டர்.

முதல் மாதம் அவள் ஜாக்கெட்டைப் பக்கத்துக்கு அரை இஞ்ச் பிடித்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் இன்னொரு அரை இஞ்ச். சந்தோஷமாகத்தான் பிடித்தேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. மதியம் நாலு வெள்ளரித் துண்டும் பால் இல்லாத காபியும்தான் சாப்பாடு என்பது அப்புறம்தான் தெரிந்தது. சீப்பு நிறைய முடி வந்தது. இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்பதை என்னிடம் சொல்லவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்தபோது 49 கிலோ.

டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார்: பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்க்கிற கணக்கு, 16.6. குறைந்தது 18.5 இருக்க வேண்டுமாம். அன்றிரவு நானும் மகளும் போனில் தேடிப் படித்தோம். 2006 ஆகஸ்டில் உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ், 22 வயசுப் பெண், மேடையில் நடந்துவிட்டு இறங்கியதும் இறந்துபோயிருக்கிறாள். அடுத்த மாதமே ஸ்பெயினில் நடந்த மாட்ரிட் பேஷன் வீக்கில் பிஎம்ஐ 18க்குக் கீழே இருந்தவர்களை மேடையேற்றவில்லை. நவம்பரில் பிரேசில் மாடல் அனா கரோலினா ரெஸ்டன், 21 வயசு, சுமார் 40 கிலோ, அவளும் போய்விட்டாள். பிரான்சில் 2017இலிருந்து டாக்டர் சான்றிதழ் இல்லாமல் மாடல் வேலை கிடையாது. மாட்ரிட் கணக்குப்படி என் மகள் உயரத்துக்கு 53 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் மேடை. இங்கே கேட்டதோ 48!

இதை மையத்தில் போய்ச் சொன்னேன். "மத்தப் பிள்ளைங்க யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலையே மேடம்" என்றார்கள். வராந்தாவில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். ஒருத்தி அந்த வெயிலிலும் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

மகளை நிறுத்திவிட்டோம். மீதிப் பணம் திரும்பவில்லை. இப்போது 54 கிலோ இருக்கிறாள், ஒரு புடவைக் கடை கேட்டலாக்குக்கு இரண்டு நாள் போய் வந்தாள். ஜாக்கெட் லூசாக இருந்தால் முதுகுப் பக்கம் பின் குத்திவிட்டுப் படமெடுத்தார்களாம். எடையை யாரும் கேட்கவில்லை.

நடை கற்க மட்டும் என்றால் அந்த மையம் நல்ல இடம். சேர்ப்பதற்கு முன்னால் எடை பார்ப்பீர்களா, டயட் சார்ட் யார் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். டாக்டர் பெயர் சொல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.