படகு டிரெய்லரில் கழற்றி மாட்டும் வழிகாட்டிக் கம்பங்கள்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

டிரெய்லரின் பின்முனையில் இருபுறமும் நிமிர்ந்து நின்று, ஏறும் படகை நடுவில் வைத்திருப்பவைதான் வழிகாட்டிக் கம்பங்கள். என் அலுமினியப் படகின் அகலம் 2.25 மீட்டர். மெல்பர்னில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கராஜ் வாசல் 2.4 மீட்டர். படகின் இருபுறமும் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, 60 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பங்களை நிறுத்தினால் மொத்தம் 2.42 மீட்டர் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியச் சாலை விதி டிரெய்லரின் அகலம் 2.5 மீட்டர் வரை இருக்கலாம் என்கிறது. கராஜ் சுவர் அவ்வளவு தாராளம் இல்லை. இந்த இரண்டு சென்டிமீட்டருக்காகத்தான் கழற்றி மாட்டும் வகைக்குப் போனேன். வாசல் அகலமாக உள்ளவர்கள் நிரந்தரக் கம்பத்தையே பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

படகை ஏற்றும்போது பக்கக் காற்று தள்ளிவிடாமல் இருக்கத்தான் கம்பம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவில் நீர்மட்டம் ஏறி இறங்கும் வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கும். அங்கே ஹேஸ்டிங்ஸில் படகை நீரில் இறக்கும் சரிவான இறங்குதளத்தில் அந்த நீரோட்டம் படகின் பின்புறத்தைப் பிடித்து இழுக்கும். ஆனால் கம்பங்களை நான் அதிகம் வாழ்த்தியது காலி டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போதுதான். படகு இல்லாத டிரெய்லர் சரிவில் இறங்கியதும் கார்க் கண்ணாடியில் மறைந்துவிடும். கண்ணில் பட்டு நாம் திருத்துவதற்குள் அது குறுக்கே மடிந்திருக்கும். இப்போது கம்பங்களில் மாட்டிய இரண்டு வெள்ளைக் குழாய்கள் நிமிர்ந்து நின்று, டிரெய்லர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அந்த நொடியே காட்டுகின்றன. விக்டோரியாவில் 2019இல் பொது இறங்குதளக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். வசந்த காலத்தில் ஸ்னாப்பர் மீன் வரும்போது பின்னால் வரிசை நிற்கும். அந்த நேரத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் பிடிக்காது.

இனி பொருத்தும் வேலை. கம்பம் எல் வடிவில் இருக்கிறது. அதன் கிடைக் கை, டிரெய்லரின் பின்குறுக்குச் சட்டத்தில் பூட்டிய சதுரக் குழாய்க்குள் செருகிக்கொள்ளும். இந்த உறைக் குழாயை யு-போல்ட் கொண்டு மட்டுமே பிடிக்க வேண்டும். சட்டத்தில் துளை போட்டால் துத்தநாக முலாம் அங்கே உடையும். உள்ளே வெற்றிடமான பெட்டிச் சட்டமாக இருந்தால் உப்புநீர் உள்ளே போய்த் தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும்.

எல்லாச் சிக்கலும் அந்த உறையில்தான். 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், சுவர் 3 மில்லிமீட்டர் என்றால் உள்ளளவு 44. அதற்குள் போகும் கை 40. மிச்சம் 4 மில்லிமீட்டர் ஆட்டம். செருகிய இடத்தில் பார்த்தால் இது ஒன்றும் இல்லை. ஆனால் உறையின் நீளம் 300 மில்லிமீட்டர், கம்பத்தின் உயரம் ஒரு மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மேல் நுனி 13 மில்லிமீட்டர் சாய்கிறது. விட்டுவைத்த 25 மில்லிமீட்டர் இடைவெளியில் பாதி போய்விட்டது. நெடுஞ்சாலையில் சடசடவென்று தட்டிக்கொண்டே வரும். கடையில் தொகுப்பாக விற்பவற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு குறுக்கு ஊசி இருக்கும். ஊசி கம்பத்தை விழாமல் பிடிக்கும், ஆடாமல் பிடிக்காது. உறையின் அடியில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக நட்டுகளை வெல்டிங் செய்து, 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளால் கையைச் சுவரோடு அழுத்தச் செய்தேன். சத்தம் நின்றது. ஊசியும் கூடவே இருக்கிறது, போல்ட் தளர்ந்தால் கம்பம் சாலையில் போய்விடக் கூடாதே. வெல்டிங் முடிந்த பிறகுதான் முலாம் போட வேண்டும். போட்டு வந்த உறைக்குள் துத்தநாகம் சொட்டுச் சொட்டாக உறைந்திருக்கும். அரத்தால் மேலோட்டமாக ராவினால்தான் கை வழுக்கி உள்ளே போகும். நிறைய ராவினால் முலாமே போய்விடும்.

கம்பத்தின் மேல் தானாகச் சுழலும் பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள். கம்பளம் சுற்றுவது பார்க்க அழகு, ஆனால் நனைந்த கம்பளத்தில் மணல் ஏறினால் அது உப்புத்தாளாகிப் படகின் பெயின்ட்டைத் தேய்த்துவிடும். சாதாரண வெள்ளைக் குழாய் இந்த ஊர் வெயிலில் சுண்ணாம்பு பூத்து நொறுங்குகிறது. வெயிலைத் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்பதை வாங்குவது மேல்.

பராமரிப்பு என்றால், ஒவ்வொரு முறையும் உறைக்குள் நல்ல தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். மணலும் உப்பும் சேர்ந்து இறுகினால் சுத்தியல் இல்லாமல் கம்பம் வராது. காய்ந்ததும் லானோலின் (ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கும் மெழுகு) அடித்துவிடுகிறேன். கிரீஸ் மணலைப் பிடித்துவைக்கிறது. துருவைப் பொறுத்தவரை, கம்பமும் உறையும் நன்றாகவே இருக்கின்றன. அழுத்தும் போல்ட்டின் முனை கையில் படும் இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்து பழுப்பு வட்டம் தெரிகிறது. அங்கே அவ்வப்போது துத்தநாகப் பெயின்ட் தொட்டுவைத்தால் போதும்.

பின்விளக்குகளை இந்தக் கம்பங்களின் உச்சியில் ஏற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். நிரந்தரக் கம்பமென்றால் தாராளமாக ஏற்றலாம்: விளக்கு தண்ணீருக்கு மேலேயே நிற்கும், பின்னால் வருபவருக்கும் நன்றாகத் தெரியும். கழற்றும் வகையில் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் பூட்டும் பிளக்கில் உப்பு ஏறிப் பச்சை படியும், கம்பத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினால் விளக்கும் வீட்டிலேயே இருக்கும். என் விளக்குகள் பழையபடி சக்கரத்தின் மட்கார்டுக்குப் பின்னால்தான்.