ஓடவிட்டு எண்ணுவதா, பாட்டில் நுரையீரலா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மூச்சைப் பற்றிச் சொல்லித்தர, தண்ணீர் பாட்டிலை வெட்டி பலூன் கட்டிய நுரையீரலைக் காட்டலாம். அடி ரப்பரை இழுத்தால் உள்ளே பலூன் உப்பும். நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசையின் வேலை பளிச்சென்று புரியும். ஓடினால் ஏன் இரைக்கிறது என்பதற்கு மட்டும் அதில் பதில் இல்லை.

அதற்கு ஓடத்தான் வேண்டும். நம் வடசென்னை வியாசர்பாடியில் பந்து உதைக்காத பிள்ளை ஏது? முதலில் உட்காரவைத்து, வயிற்றில் கை வைத்து 30 விநாடியில் எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் 10, 12 வரும். நன்றாகக் குதித்தபின் மறுபடி எண்ணினால் எண் எகிறும், கையும் வேகமாக ஏறி இறங்கும். வேலை செய்த தசை கூடுதலாகக் கழித்த கார்பன் டை ஆக்சைடை மூளை கண்டுகொண்டு மூச்சை முடுக்குகிறது என்று அந்த நேரத்தில் சொன்னால்தான் மண்டையில் ஏறும். எண்ணத் தடுமாறும் வாண்டுகளுக்கு ஜோடி போட்டுவிடுங்கள்.

என் ஓட்டு இதற்கே. வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். மணலி ஆலைகள் பக்கமிருந்து புகை நாற்றம் அடிக்கிற நாளில் வேண்டாம். வீசிங் உள்ள பிள்ளை வேகமாக ஓட வேண்டியதில்லை, கொஞ்சம் நடந்தாலே எண் கூடும்.