தம்பிக்குக் கிட்னி: பட்டியலில் காத்திருப்பதா, வீட்டில் ஒருவர் கொடுப்பதா?

இரண்டு கிட்னியும் போய்விட்டால் மூன்று வழிதான். டயாலிசிஸிலேயே ஓட்டலாம். மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்கு அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கலாம். இல்லையென்றால் வீட்டில் ஒருவர் கொடுக்கலாம். கோத்தகிரிப் பக்கம் இருக்கும் நான் என் தம்பிக்குக் கொடுத்தவள். என் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

டயாலிசிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாக வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது. கஷ்டம் மீதி நாட்களில்தான். தேயிலைத் தோட்டத்துக்காரனான என் தம்பி, அரை டம்ளர் டீயைக்கூட அன்றைய தண்ணீர்க் கணக்கில் கழித்துக்கொண்டு குடிப்பான். உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தம்பி பொண்டாட்டி தாளிப்பாள். கிழங்கில் உள்ள பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. வயிற்று வழியாகச் செய்யும் டயாலிசிஸை ஒரு தெரிந்தவர் வீட்டில் பார்த்ததோடு சரி. தினம் நாலு தடவை, தடவைக்கு 2 லிட்டர் கரைசல் உள்ள ஒரு பையை வயிற்றுக்குள் ஏற்றி, பிறகு வெளியே இறக்க வேண்டும். மலையை விட்டு இறங்க வேண்டாம் என்பது பெரிய வசதி. ஆனால் மார்கழிக் குளிரில் ஒவ்வொரு பையையும் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கை சுத்தம் தவறினால் வயிற்றுக்குள் சீழ் பிடிக்கும்.

இனி மாற்று அறுவை சிகிச்சை. யார் கிட்னி வந்தாலும், உடம்பு அதை ஏற்காமல் தள்ளிவிடாதிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை, காலம் பூராவும். காய்ச்சல் வந்தால் பயம், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் அடிக்கடி. அதிலெல்லாம் வித்தியாசம் இல்லை. உயிரோடு இருப்பவர் கொடுத்தது சராசரியாக 15 வருடத்துக்கு மேல் உழைக்கும், மற்றது 10 வருடத்தை ஒட்டி என்பார்கள். இதுவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

எங்களுக்கு முடிவைத் தந்தது வேறு: தேதி.

பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். 2008 முதல் தமிழ்நாட்டில் அது முறையாக நடக்கிறது. தானம் செய்தவர்களுக்கு 2023 முதல் அரசு மரியாதையும் உண்டு. ஆனால் கிட்னி கிடைத்துவிட்டது என்ற போன் எந்த ராத்திரியில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எடுத்த கிட்னியை ஐஸில் வைத்துக் காப்பாற்றுவது ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். அதற்குள் ரத்தம் பொருந்துகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு டயாலிசிஸும் முடித்து, தியேட்டருக்குள் போக வேண்டும். ஒரு கிட்னிக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கூப்பிடுவார்கள். பொருந்தாதவர் திரும்பி வர வேண்டியதுதான். கோயம்புத்தூரில் வீடு இருப்பவருக்கு அது ஆட்டோ தூரம். எங்களுக்கு மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகையில் மரம் விழும், மண் சரியும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் செத்ததைப் பார்த்த ஊர் இது. போன் வரும் ராத்திரியில் ரோடு திறந்திருக்கும் என்று எதை நம்பிச் சொல்வது? அடிவாரத்தில் வாடகைக்கு வீடு எடுத்துக் காத்திருக்கலாம்தான். எத்தனை வருஷத்துக்கு?

வீட்டில் ஒருவர் கொடுத்தால் தேதியை நாமே டாக்டரோடு உட்கார்ந்து குறிக்கலாம். மழைக்காலம் தாண்டி, தம்பிக்குச் சளி, காய்ச்சல் இல்லாத வாரமாகப் பார்த்து, முந்தின நாளே இறங்கிவிட்டோம். “வேண்டாம்க்கா, லிஸ்டுல பேர் வரட்டும்” என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். “வர்ற அன்னைக்கு ரோடு இருக்குமாடா?” என்றேன். அப்புறம் பேசவில்லை.

கொடுப்பவருக்கு என்ன போகும்? லேப்ராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் போட்டு எடுத்தால் சில நாளில் வீட்டுக்கு வரலாம். ரத்தக்குழாய் நீளம் என்பதால் பெரும்பாலும் இடது கிட்னி. ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். பச்சை இலை மூட்டையைத் தொடாமல் தோட்டத்து ஓரத்தில் நின்று பார்ப்பது தையல் வலியைவிடக் கஷ்டம். ஆள் கூலி கணக்கை முன்கூட்டியே போட்டுவையுங்கள், காப்பீடு அதைத் தராது. மிச்சமுள்ள ஒன்று கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தில் செய்கிறது. ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்கக் கணக்கில், ஆயுளில் கிட்னி முழுக்கச் செயலிழப்பது கொடுத்தவர்களில் 10,000-க்கு 90 பேருக்கு. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 பேருக்கு. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. வருஷம் ஒருமுறை பிரஷர், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்துவிடுகிறேன். மூட்டு வலிக்கு, கிட்னியைக் கெடுக்கக்கூடிய டைக்ளோஃபினாக் வலி மாத்திரை போடுவதில்லை. என் அனுபவம் இன்னும் இளசு. இருபது வருஷம் கழித்து எப்படி இருப்பேன் என்பதற்கு நான் சாட்சி இல்லை.

1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி அக்கா, தம்பி நெருங்கிய உறவு, ஆதாரம் காட்டினால் போதும். கொடுப்பவர் பெண் என்றால் அவள் சம்மதத்தை, கிட்னி வாங்குபவர் அல்லாத வேறு ஒருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி. நம் நாட்டில் கொடுப்பவர்களில் அதிகம் பெண்கள்தானே! மனசில்லாத பெண் டாக்டரிடம் தனியாக “முடியாது” என்று சொல்லிவிடலாம், சொல்லவும் வேண்டும்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் என்னைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இருபது வயதுப் பிள்ளை அப்பாவுக்குக் கொடுக்க முன்வந்தாலும் நான் பட்டியல் பக்கம்தான் நிற்பேன். ரத்தப் பிரிவு சேரவில்லை என்றால், அதே சிக்கலில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது, கேட்டுப் பாருங்கள். குடும்பத்தில் கிட்னியில் நீர்க்கட்டிகள் நிறைய வரும் பாலிசிஸ்டிக் கிட்னி நோய் இருந்தால், கூடப் பிறந்தவர்கள் முதலில் தங்களுக்கு அது இல்லை என்று ஸ்கேன் பார்த்துவிட்டு அப்புறம் தேதி பேசட்டும்.