மலைத்தேனும் கொசுத்தேனும்: ஒரு மாதம் சாப்பிட்டுப் பார்த்ததில்

கோத்தகிரி போனபோது ஒரு கடையில் மலைத்தேன் கால் கிலோ 220 ரூபாய்க்கும், கொசுத்தேன் வெறும் 100 கிராம் 300 ரூபாய்க்கும் வாங்கினேன். வீட்டில் நல்ல திட்டு. ஆனால் விலையில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டையும் சேர்க்கும் பூச்சிகளின் பிழைப்பே வேறு வேறு.

மலைத்தேனீ ஒன்றே முக்கால் செ.மீ. வரும் முரட்டு ஜாதி. பாறை முகட்டிலோ உயரமான மரத்திலோ ஒரே ஒரு ராட்டு (தேனடை), சமயத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குக்கூட, வெட்டவெளியில் தொங்கும். பூ தீர்ந்தால் கூட்டத்தோடு இடம் மாறிவிடும், பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. நீலகிரிப் பழங்குடிகளான குறும்பர்கள் கொடி ஏணியில் இறங்கிப் புகை போட்டு எடுக்கும் தேன் இது. ஆபத்து அதிகம்தான், ஆனால் ஒரு கூட்டிலேயே கிலோ கணக்கில் கிடைத்துவிடும்.

கொசுத்தேனீ சுமார் 4 மி.மீ.தான். கொட்டாது, ஆனால் கூட்டைத் தொட்டால் தலைமுடிக்குள் புகுந்து கடித்தே உயிரை வாங்கும். எங்கள் பழைய வீட்டுச் சுவரில் வயர் போன ஓட்டைக்குள் ஒரு கூடு இருந்தது. வாசலில் பிசினால் செய்த சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் விளிம்பில் நாலைந்து காவலாளிகள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். தேன் வைக்க ராட்டே கிடையாது, மெழுகும் பிசினும் குழைத்த, சுண்டைக்காயைவிடச் சின்னப் பானைகள்தான். வருடத்துக்கு ஒரு கிலோ தேறினால் பெரிய விஷயம்.

சரி, சுவை. மலைத்தேன் கருத்து, கடைசியில் லேசாகக் கசந்தது. தோசைக்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். கொசுத்தேன் தண்ணீராக, புளிப்பாக, பிசின் வாசனையோடு இருக்கிறது. பையன் ஒரு சொட்டிலேயே துப்பிவிட்டான், எனக்கு அந்தப் புளிப்புதான் பிடித்தது.

ஒரு குறை. கொசுத்தேனில் ஈரம் அதிகம், சீக்கிரம் நொதிக்கும், அதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, லேபிளிலும் இல்லை. இருபதாவது நாள் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று நுரைத்து மேசையெல்லாம் வழிந்துவிட்டது, 300 ரூபாய்ச் சரக்கில் கால்வாசி துணியில் போனது. ‘பிரிட்ஜில் வையுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அடுத்த முறை கொசுத்தேன் மட்டும் வாங்குவேன், அதுவும் 50 கிராம் பாட்டில் இருந்தால்.