பிரேக்குக்கு 'பின்' வாங்கும் லொறிக்காரர் கவனம்: 'ஒரிஜினல்' என்று சாதா இரும்பைக் கட்டிவிடுறாங்க

கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பார்ட்ஸ் கடை. எயார் பிரேக்கில் சேம்பர் தண்டையும் (காற்று தள்ளுற தண்டு) ஸ்லாக் அட்ஜஸ்டரையும் (அந்தத் தள்ளலில் திரும்பிப் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற கை) கோர்க்கிற பின் கேட்டேன். 'ஜப்பான் ஒரிஜினல், ஹார்டின் பண்ணினது (இரும்பைக் கடினமாக்கினது)' என்று முதலாளியே எடுத்துத் தந்தார். விலையும் அதுக்கேற்ற மாதிரித்தான். பில்லில் 'பின்' என்று மட்டும் எழுதினார். ஒரிஜினல் என்று போடச் சொன்னதுக்கு, 'எங்களை நம்ப மாட்டீங்களா அண்ணன்?' என்றார்.

கொஞ்ச நாளிலேயே, கடுகண்ணாவ இறக்கத்தில் பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்குது என்று டிரைவர் தம்பி போன் எடுத்தான். முழுச் சுமையோட வந்த வண்டி. இப்பவும் நினைச்சா நெஞ்சு பதறுது.

கராஜில் பாஸ் (மெக்கானிக்) பின்னைக் கழட்டிக் கையில் தந்தார். நடுவில், அட்ஜஸ்டரின் கண் உட்காருற இடத்தில், நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம். பின் கழராமல் பூட்டியிருந்த ஸ்பிலிட் பின்னில் (இரண்டு காலையும் விரிச்சு விடுற கம்பி) ஒரு கால் முறிஞ்சு போயிருந்தது. மற்றக் காலும் போயிருந்தால் பின் கழன்று விழும், அந்தச் சில்லுக்குப் பிரேக்கே இருக்காது. பின் தேஞ்சாலே தண்டு கூடுதல் தூரம் தள்ள வேண்டி வரும். பிரேக் பிடிக்கிறது பிந்தும், பலமும் குறையும்.

பாஸ் தேயாத இடத்தில் அரத்தால் ஒரு இழுவை இழுத்தார். வெண்ணெய் மாதிரி வெட்டினது. ஹார்டின் பண்ணின மேற்பரப்பில் அரம் வழுக்கும், இப்படிப் பிடிக்காது. மேலே மின்னின மஞ்சள் நாக (சிங்க்) பூச்சு துருப் பிடிக்காமல் இருக்கத்தான். அதுக்கும் உறுதிக்கும் சம்பந்தமில்லை.

கடைக்குத் திருப்பிக் கொண்டு போனால், முதலாளி 'வித்த சாமான் எடுக்கிறதில்லை, உங்கட டிரைவர் ஓட்டுற விதம் சரியில்லை' என்கிறார். மலைப் பாதையில் உயிரைக் கையில் பிடிச்சு வந்த பிள்ளையைக் குறை சொன்னதுதான் எனக்குத் தாங்க முடியல்ல.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் பின்னையும் பில்லையும் வச்சு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கேன். அவங்கட போன் இலக்கம் 1977. சாமான் வாங்கி மூன்று மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்க வேணும். கேட்டால் பில் தரவேண்டியது 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. அதனால் தயங்காமல் கேளுங்க.

சும்மா பின் கிடைக்கல்ல என்று போல்ட்டைப் போட்டு ஓட்டவும் வேண்டாம். மரை வெட்டின இடம் துளைக்குள்ள வந்தால் அதுவும் தேஞ்சு, அங்கேயே முறியும். அண்மையில் இந்த மஞ்சள் பின் வாங்கிப் பூட்டினவங்க, அடுத்த ஹயருக்கு முதல் கராஜில் கழட்டி அரம் போட்டுப் பாருங்க. ஸ்பிலிட் பின்னையும் புதுசா மாத்துங்க.