ஹைகிரவுண்டா, நம்ம லேபர் ரூமா?

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், நர்சுகளைப் பிரசவ அவசரங்களுக்குத் தயார்படுத்த மூன்று வழி உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு, அதாவது நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். களக்காட்டுப் பக்கமோ திசையன்விளைப் பக்கமோ, அவரவர் லேபர் ரூமிலேயே ஒத்திகை நடத்தலாம். வீடியோவில் கேஸ் பேசலாம்.

ஹைகிரவுண்டில் கேசுக்குப் பஞ்சமில்லை. பிரசவமானபின் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா, தொளதொளவென்று கிடக்கிறதா என்பது கைக்குப் பழகவேண்டிய விஷயம், பொம்மை போதாது. ஆனால் ஜன்னி கேஸ் (பி.பி. ஏறி வலிப்பு வரும் கர்ப்பிணி) வந்தால் அங்கே மருந்தை ஊசியில் இழுப்பவர் பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர். பயிற்சிக்குப் போனவர் எட்டிப் பார்த்துவிட்டு, சான்றிதழோடு ஊர் திரும்புவார். இங்கே ராத்திரி டூட்டியில் ஒரு நர்ஸ், ஒரு ஆயா, அவ்வளவுதான்.

அந்த இருவரையும் சேர்த்துப் பழக்குவது ஒத்திகை. ஜன்னிக்குப் போடும் மெக்னீசியம் சல்பேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 50 சதவீத ஆம்பூல் (மருந்துக் குப்பி) ஒன்றில் 2 மில்லி, அதாவது 1 கிராம் மருந்து. நரம்பில் போட 4 ஆம்பூல் (8 மில்லி), கூட 12 மில்லி சலைன். ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. பிறகு இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம், ஆழமாக. மொத்தம் 14 ஆம்பூல். உடைத்து இழுக்கவே எவ்வளவு நேரமாகும் என்பது செய்து பார்த்தால்தான் உறைக்கும். மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் கீழே போனாலோ, முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறாவிட்டாலோ, சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தாலோ அடுத்த டோஸ் கிடையாது. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் அதே தட்டில் இருக்கவேண்டும். கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்சிடோசின் இருக்கும் ஃபிரிட்ஜ் சாவி யாரிடம் என்பதும் இப்படித்தான் வெளிவரும்!

குங்குமம் கரைத்த 500 மில்லி தண்ணீரைப் பழந்துணியில் ஊற்றி, எவ்வளவு என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் டிரானெக்சாமிக் அமிலம் தாமதமாவது இதனால்தான். அது 1 கிராம், 10 நிமிடத்தில், பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் போகவேண்டும்.

வீடியோ செலவில்லாதது. 140/90 தொட்ட பி.பி., முந்தைய சிசேரியனோடு கீழே இறங்கிய நஞ்சுக்கொடி என, யாரை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முன்கூட்டியே முடிவெடுக்க நல்லது. ரத்தம் கொட்டும்போது உதவாது.

ஒன்றுதான் முடியும் என்றால் ஒத்திகையே. மாதம் ஒருமுறை, அரை மணி நேரம், சொல்லாமல், ராத்திரி டூட்டியிலும். 108-ல் ஏற்றும் கட்டம்வரை நடத்தவேண்டும்: மருந்து, அளவு, போட்ட நேரம் எழுதிய சீட்டு தாயோடு போகாவிட்டால், அங்கே முதல் டோஸை மறுபடியும் போட்டுவிடுவார்கள்.