ஜின்மிங் ஜென் 8 ஜெல் பிளாஸ்டர்: வாங்கலாமா, உதிரிபாகம் கிடைக்குமா?

ஜெல் பிளாஸ்டர் என்பது தண்ணீரில் ஊறிய ஜெல் உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி. இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றிய இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து. பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் பக்கம் இதற்கென்றே கடைகளும் மைதானங்களும் உண்டு. புதிதாகச் சேருபவர்களிடம் பெரும்பாலும் முதலில் நீட்டப்படுவது ஜின்மிங் கம்பெனியின் ஜென் 8. ஆட்கள் சுருக்கமாக ஜே8 என்பார்கள். எம்4 ராணுவத் துப்பாக்கியின் வடிவம், நைலான் உடல், 7.4 வோல்ட் பேட்டரி. இதைவிடக் கனமான, அழகான மெட்டல் பிளாஸ்டர்கள் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் முதல் பிளாஸ்டருக்கு இதுவே சரி. உடைகிற பாகம் எல்லாவற்றுக்கும் மாற்றுப் பாகம் கடையில் தொங்குகிறது என்பதே காரணம். வெளித்தோற்றத்தில் மயங்கி ஏதோ ஒரு மாடலை வாங்கிவிட்டு, நூறு ரூபாய் பெறாத ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக மாதக்கணக்கில் அலமாரியில் வைத்திருப்பவர்கள் அதிகம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம். குயின்ஸ்லாந்தில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் 2021 பிப்ரவரி 1 முதல் இதை வைத்திருக்க நியாயமான காரணம் வேண்டும்; கிளப் உறுப்பினர் என்பது அப்படி ஒரு காரணம். வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும், வெளியே எடுத்துப்போனால் பைக்குள் மறைந்திருக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியா 2020 அக்டோபரிலேயே இதைத் துப்பாக்கிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நியூ சவுத் வேல்ஸிலும் அனுமதியில்லாமல் வைத்திருந்தால் குற்றம். சிட்னி வழியாக ஊருக்குப் போகிறவர்கள், அக்கா பையனுக்குப் பரிசு என்று பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

இனி ஜெல். புகார்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. ஜவ்வரிசி ஊறுவதுபோல இதுவும் ஊறும், ஆனால் எவ்வளவு ஊறும் என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கும். 7.3 மி.மீ. அளவுக்கு ஊதிய ஒரு ஜெல்லின் எடை ஏறக்குறைய 0.2 கிராம், அதில் பெரும்பகுதி தண்ணீர். 10,000 ஜெல் உள்ள பாக்கெட்டைப் பிரித்தால் 2 லிட்டர் தண்ணீரை அதுவே குடித்துவிடும். எனவே 4 லிட்டராவது ஊற்றுங்கள். சாதாரண ஜெல்லுக்கு 4 மணி நேரம் போதும். பால் நிறத்தில் வரும் கடின ஜெல்லை ராத்திரி முழுக்க விடுவது நல்லது. உப்புத் தண்ணீரில் ஜெல் முழுதாக ஊதாது. அதனால் ஒரே பாக்கெட் ஒரு வீட்டில் 7.4 மி.மீ. வரும், இன்னொரு வீட்டில் 7 மி.மீ.கூட எட்டாது. குழாய்த் தண்ணீரில் சிறுத்தால் வடிகட்டிய தண்ணீருக்கு மாறுங்கள். அளவு மீறி ஊதிவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு போட்டால் கொஞ்சம் சுருங்கும். இருபது ஜெல்லை எடுத்து வெர்னியரில் அளந்து பாருங்கள். உள்விட்டம் 7.5 மி.மீ. உள்ள பேரலுக்கு (ஜெல் வெளியேறும் நீளக் குழல்) 7.2 முதல் 7.4 வரை பொருத்தம். சிறியது காற்றை விட்டுவிடும், பெரியது வாயிலேயே நசுங்கும்.

ஜே8-ன் மேகசினுக்குள், அதாவது ஜெல் நிரப்பிச் செருகும் பெட்டிக்குள், ஒரு குட்டி மோட்டார் இருக்கிறது. மேகசினைச் செருகியதும் மேலே உள்ள இரண்டு செப்புத் தகடுகள் உடலில் உள்ள தகடுகளைத் தொட்டு மின்சாரம் வாங்கிக்கொள்ளும். மோட்டார் சுழன்று ஜெல்லை டி-பீஸ் என்ற முச்சந்திக் குழாய் வரை தள்ளும். வடிவமைப்பு நல்லதுதான், ஆனால் ஈரமான பொருளையும் மின்தொடர்பையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறார்கள். விளையாடி முடித்து ஜெல்லோடு அப்படியே போட்டுவைத்தால் இரண்டு வாரத்தில் தகட்டில் பச்சை பூக்கும், மோட்டார் முனகும். ஆட்டம் முடிந்ததும் மேகசினைக் கொட்டி, குலுக்கி, வாயைத் திறந்து உலரவிடுங்கள். பச்சை பிடித்த தகட்டை பென்சில் அழிப்பானால் தேய்த்தாலே சரியாகிவிடும்.

சுடவில்லை என்றால் உடனே கியர்பாக்ஸைப் (மோட்டாரும் கியரும் ஸ்பிரிங்கை இழுத்துவிட, பிஸ்டன் காற்றைத் தள்ளும் பெட்டி) பிரிக்க உட்காராதீர்கள். மேகசினைக் கழற்றிவிட்டு, பேரல் வாயில் உள்ளங்கையை அல்ல, ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து ட்ரிகரை ஒருமுறை தட்டுங்கள். காகிதம் துள்ளினால் காற்று வருகிறது, கோளாறு ஜெல் வரத்தில். துள்ளாமல் லேசாக ஆடினால் காற்று எங்கோ கசிகிறது.

கசிவுக்கு மூன்று இடம்தான். முதலாவது பிஸ்டன் தலையில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். சிலிண்டரையும் அதன் தலையையும் நாஸிலோடு (காற்று வெளியேறும் முனை) வெளியே எடுத்து, நாஸில் நுனியை விரலால் அடைத்து, பிஸ்டனை உள்ளே தள்ளிப் பாருங்கள். காற்றுத் தலையணையில் மோதுவதுபோல நின்றால் நல்லது, வழுக்கிக்கொண்டு போனால் ஓ-ரிங் தளர்ந்திருக்கிறது. புது ஓ-ரிங் வரும்வரை, குழாய் மூட்டுக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை பள்ளத்தில் ஒரு சுற்று சுற்றி அதன்மேல் பழைய ஓ-ரிங்கை மாட்டலாம். இரண்டு சுற்றுக்கு மேல் போனால் பிஸ்டன் இறுகி வேகம் குறையும். மேலே பூசச் சிலிகான் கிரீஸ் போதும். வாஸ்லின், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது நாஸில். இதன் நீளம் 0.5 மி.மீ. குறைந்தாலே டி-பீஸோடு முத்தமிடாது, காற்று பக்கவாட்டில் போய்விடும். நீளம் கூடினால் ஜெல் விழும் வழியை மறைத்துவிடும். மூன்றாவதுதான் டி-பீஸ்: மேகசினிலிருந்து வரும் ஜெல்லும் நாஸிலிலிருந்து வரும் காற்றும் பேரலும் சந்திக்கிற முச்சந்தி. பிளாஸ்டிக் டி-பீஸில் உள்விளிம்பு தேய்ந்தாலோ அச்சில் வார்த்த பிசிறு மீந்திருந்தாலோ ஜெல் அங்கேயே வெட்டுப்பட்டு, கஞ்சி மாதிரி வழியும். 1000 நம்பர் எமரித் தாளைச் சுருட்டி விளிம்பை மெல்லத் தேய்த்தால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் உதிரிபாகமாக இரண்டு டி-பீஸ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை 11.1 வோல்ட்டுக்கு மாற்றினால் என்ன என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. மாற்றினால் விநாடிக்குச் சுடும் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வொரு ஜெல்லின் வேகமும் கூடும் என்று நினைப்பது தவறு. வேகம் ஸ்பிரிங்கின் வேலை. மோட்டார் வேகம் மட்டும் ஏறி ஸ்பிரிங் பழையதாகவே இருந்தால், பிஸ்டன் முழுசாக முன்னால் திரும்பி வருவதற்குள் கியர் பல் அதைக் கவ்விவிடும். பிஸ்டனின் பல் உதிர்வது இப்படித்தான். ட்ரிகர் தகட்டிலும் பொறி பறந்து கரி படியும், 11.1 வோல்ட் போடுவதானால் மாஸ்ஃபெட்டும் (ட்ரிகர் தகட்டுக்குப் பதிலாக மின்சாரத்தைத் தாங்கும் மின்னணு சுவிட்ச்) சேர்த்துப் போடுங்கள். 7.4 என்பது இரண்டு செல் பேட்டரி, நிறைந்தால் 8.4 வோல்ட்; 11.1 என்பது மூன்று செல், நிறைந்தால் 12.6. செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். மாதக்கணக்கில் வைப்பதானால் 3.8-ல் நிறுத்துங்கள்.

நீளமான பேரல் போட்டால் வேகம் கூடும் என்பது பாதி உண்மை. 7.5 மி.மீ. உள்விட்டத்தில் 300 மி.மீ. பேரல் பிடிக்கும் காற்று சுமார் 13 கன செ.மீ. சிலிண்டரின் காற்று அதைவிடக் கணிசமாக அதிகம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெல் வெளியே போவதற்குள் காற்று தீர்ந்து, பேரலே பிரேக் போடும்.

கியர்பாக்ஸைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால், முதலில் ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கியர் பின்னோக்கித் திரும்பாமல் பிடிக்கும் கொக்கியை ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் விலக்கி, பிஸ்டனை முன்னால் விடுங்கள். பிறகு முழுவதையும் பெரிய கண்ணாடிப் பாலிதீன் பைக்குள் வைத்தே திறங்கள். நாஸிலை முன்னுக்கு இழுக்கும் அந்தச் சின்னத் தாப்பெட் ஸ்பிரிங் பறந்தால் சோபாவுக்கு அடியில் தேடி முட்டி தேய வேண்டியதுதான். மூடும்போது கியர்கள் பக்கவாட்டில் 0.1 முதல் 0.2 மி.மீ. ஆட இடம் விட்டு வாஷர் போடுங்கள். மூடிய பின் மோட்டார் விசில் அடித்தால் கைப்பிடி அடியில் உள்ள உயரத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

ஜே8-ன் உள்ளமைப்பு ஏர்சாஃப்ட்டின் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) வி2 என்ற கியர்பாக்ஸ் வகையை ஒட்டியது. ஆனால் "வி2-க்குப் பொருந்தும்" என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். நாஸிலின் நீளம், வெளிவிட்டம், பேரலின் வெளிவிட்டம், கியரின் அச்சு விட்டம், மோட்டார் அச்சு வட்டமா டி வடிவமா, பினியனில் (மோட்டார் அச்சில் உள்ள சின்னப் பல்சக்கரம்) எத்தனை பல் என்று அளந்து குறித்துக்கொண்டால் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார். வெளிநாட்டு இணையதளத்தில் மலிவாகக் கிடைக்கும் ஏர்சாஃப்ட் பாகங்களைத் தருவிப்பது ஆஸ்திரேலியாவில் வில்லங்கம். அங்கே ஏர்சாஃப்ட் துப்பாக்கிச் சட்டத்துக்குள் வருகிறது. உள்ளூர் ஜெல் கடையில் இரண்டு டாலர் கூடக் கொடுத்து வாங்குவது புத்திசாலித்தனம்.

கண்ணைக் காக்கும் கண்ணாடி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 0.2 கிராம் ஜெல் விநாடிக்கு 250 அடியில் போனால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 0.58 ஜூல், விழியில் பட்டால் பார்வையே போகலாம். ஏஎஸ்/என்ஸெட்எஸ் 1337.1 (ஆஸ்திரேலிய, நியூசிலாந்து கண் பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ள, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வாங்குங்கள். வெயில் கண்ணாடி இதற்கு ஆகாது.

பழைய ஜே8 வாங்குகிறீர்கள் என்றால் நிறைந்த பேட்டரியைக் கையோடு எடுத்துப்போய் இருபது தடவை ஒற்றை ஒற்றையாகத் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு தட்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று "கடக்" என்று வழுக்கினால் பல் போயிருக்கிறது. திருகுகளின் தலை தேய்ந்திருந்தால் பலமுறை பிரிக்கப்பட்டது என்று பொருள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். மேகசின் தகட்டையும் பாருங்கள். பச்சை இருந்தாலும் வாங்கலாம், அழிப்பான் ஒன்று வீட்டில் இருந்தால் சரி.